ஆள்மாறாட்டக் காதல் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது எப்படி? 1939-இன் செக் படம் ஒன்றை முன்வைத்து

எழுத்தைப் படித்துக்கொண்டே படம் பார்ப்பது மலேசியத் தமிழர்களாகிய நமக்குப் புதிதன்று. தொலைக்காட்சியில் தமிழ்ப் படம் ஓடும்போது கீழே மலாய் வரிகள் ஓடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வேற்றுமொழிப் படமொன்றின் கீழே தமிழ் வரிகள் ஓடுவதைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு அரிதாகவே கிடைக்கிறது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சில நண்பர்கள் சேர்ந்து, பழைய செக் படமொன்றுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதித் திரையிட்டோம். அந்த வேலையில் செய்த தவறுகளும் கற்ற வழிகளும் அடுத்து இதில் இறங்குவோருக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் எடுத்துக்கொண்ட படம் 'கிறிஸ்தியான்'. மார்ட்டின் ஃபிரிச் இயக்கத்தில் 1939-இல் வெளிவந்தது. ஜெர்மானியப் படை செக் தலைநகரான பிராகுக்குள் நுழைந்ததும் அதே ஆண்டு மார்ச் 15-இல்தான். பயண நிறுவனமொன்றில் எழுத்தராக வேலை பார்க்கும் அலோய்ஸ் நோவாக் என்பவர் மாதத்தில் ஒரே ஓர் இரவு மட்டும் செல்வச் செழிப்புள்ள கனவானாக வேடமிட்டு, 'ஓரியண்ட்' என்ற மதுக்கூடத்துக்குச் செல்வார். அங்கே அவரைக் கிறிஸ்தியான் என்ற பெயரில்தான் அறிவார்கள். வாரி இறைப்பார், பெண்களின் மனத்தைக் கவர்வார், பிறகு மறைந்துவிடுவார். அவரைத் தேடி வந்துவிடும் ஸுஸானாவாக அடினா மன்ட்லோவாவும், வீட்டில் காத்திருக்கும் மனைவி மாரியேவாக நடாஷா கொல்லோவாவும் நடித்திருக்கிறார்கள். நாயகன் ஓல்ட்ரிக் நோவி. படத்தை நகைச்சுவை என்று வகைப்படுத்துவது வழக்கம். எனக்கோ, சிரிப்புக்கு அடியில் இரண்டு பெண்களின் வலியைப் பேசும் காதல் நாடகமாகவே அது படுகிறது. சப்டைட்டிலையும் அந்தப் பார்வையிலேயே எழுதினேன்.

முதலில் உரிமையைக் கவனியுங்கள்

பிராகிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் பழைய செக் படங்களைப் பாதுகாத்து வருவதோடு, அவற்றில் பலவற்றின் உரிமைகளையும் நிர்வகிக்கிறது. திரையிட விரும்பினால் அங்கே எழுதிக் கேட்பதுதான் முதல் வேலை. மலேசியாவில் பொதுமக்களுக்குத் திரையிடும் படத்துக்கு, 2002-ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி தணிக்கை வாரியத்தின் ஒப்புதலும் தேவை. இரண்டுக்கும் காலம் பிடிக்கும் என்பதால், மண்டபத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே கடிதங்களை அனுப்பிவிடுங்கள்.

ஆங்கில வரிகளை மட்டும் நம்பாதீர்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குச் செக் மொழி தெரியாது. ஆகவே கிடைக்கும் ஆங்கில சப்டைட்டிலைத் தமிழாக்குவோம். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். செக் மொழியிலோ நம்முடைய 'நீ', 'நீங்கள்' போலவே இரண்டு வடிவங்கள் உண்டு. நெருங்கியவரிடம் 'தி', மரியாதைக்குரியவரிடமும் அறிமுகம் இல்லாதவரிடமும் 'வி'. செக் மொழியில் இருந்த வேறுபாடு ஆங்கிலத்தில் அழிந்து, தமிழுக்கு வரும்போது நாம் ஊகித்து நிரப்பும் ஒன்றாகிவிடுகிறது. வேறு படத்தில் இந்த ஊகம் தவறினால் பெரிய இழப்பில்லை. ஒருவரை இன்னொருவராக எண்ணிக் காதலிக்கும் கதையிலோ, யார் யாரை எப்படி விளிக்கிறார் என்பதுதான் வேடமே. அதில் பிழை செய்தால் கதை கிழிந்துவிடும்.

நான் கிழித்தேன். இந்தப் படத்தில் கிறிஸ்தியான் பெண்களிடம் விடைபெறும் வாசகம் ஒன்று உண்டு. செக் மக்கள் பேச்சிலேயே கலந்துவிட்ட வாசகம் அது: "ஸவ்ர்ஷெதெ ஒச்சி, ஒத்ஹாஸீம்." கண்களை மூடுங்கள், நான் புறப்படுகிறேன் என்பது பொருள். காதல் காட்சி, முகமும் முகமும் அருகில், விளக்கும் மங்கல். ஆங்கில வரியை மட்டும் பார்த்துவிட்டு, "கண்ணை மூடிக்கொள், நான் போகிறேன்" என்று எழுதினேன். முன்னோட்டத் திரையிடலில் என் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த வரி வந்ததும், "இவனுக்கு இவளை முன்னாடியே தெரியுமாப்பா? எத்தனை நாள் பழக்கம்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. 'மூடிக்கொள்' என்ற ஒரே சொல்லில், அன்றிரவு முதன்முதலாகச் சந்தித்த இருவரைப் பழகிய காதலர்களாக்கியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒலியை மீண்டும் மீண்டும் கேட்டேன். 'ஸவ்ர்ஷெதெ' என்பதன் இறுதியில் இருக்கும் 'தெ'தான் மரியாதை விகுதி. நம் 'ங்கள்' போன்றது. கண்ணை மூடச் சொல்லும் அளவுக்கு நெருங்கியவர், மொழியில் ஓரடி தள்ளியே நிற்கிறார். அந்த இடைவெளிதான் அவருடைய கவர்ச்சி. மறுநாள் காலையில் யாரும் தன்னைத் தேடி வரக் கூடாது என்பதற்கான வேலியும் அதுவே. "கண்களை மூடிக்கொள்ளுங்கள், விடைபெறுகிறேன்" என்று மாற்றியதும் காட்சி நிமிர்ந்து நின்றது.

செக் தெரியாமலே இதைக் காதால் பிடிக்கலாம். வினைச்சொல் 'தெ' என்று முடிந்தால் பெரும்பாலும் 'நீங்கள்'. 'ஷ்' என்று முடிந்தால் 'நீ'. 'வீத்தெ' என்றால் உங்களுக்குத் தெரியும், 'வீஷ்' என்றால் உனக்குத் தெரியும். 'மாதெ' என்றால் உங்களிடம் இருக்கிறது, 'மாஷ்' என்றால் உன்னிடம் இருக்கிறது. 'வாஸ்', 'வாம்', 'வாஷ்' என்ற ஒலிகள் கேட்டால் உங்களை, உங்களுக்கு, உங்களுடைய. 'தியே', 'த்வூய்' என்று கேட்டால் உன்னை, உன்னுடைய. 'ப்ரொசீம் வாஸ்' என்றும் 'ப்ரொசீம் தியே' என்றும் அடிக்கடி வரும். இரண்டும் 'தயவுசெய்து' என்பதுதான், ஆனால் முன்னது நீங்கள், பின்னது நீ. பலரைச் சேர்த்துப் பேசும்போதும் 'தெ' வரும் என்பதால், திரையில் கேட்பவர் ஒருவரா பலரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் காது கொடுத்தால் இந்த ஒலிகள் பழகிவிடும்.

ஒரு குறிப்பேட்டில் நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: பேசுபவர், கேட்பவர், நீயா நீங்களா, அந்தக் காட்சியில் பேசுபவரைக் கேட்பவர் யாராக எண்ணிக்கொண்டிருக்கிறார். நான்காவது பத்திதான் முக்கியம். ஒரே மனிதர் எழுத்தர் நோவாக்காகவும் கனவான் கிறிஸ்தியானாகவும் பேசுகிறார் அல்லவா, எந்த வரியில் எவராக நிற்கிறார் என்பது தெளிவாகாமல் தமிழ் வினைமுற்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. படத்தின் பிற்பகுதியில் மாரியே தன் தோற்றத்தையே மாற்றிக்கொண்டு வேறொரு பெண்ணைப் போல நிற்கும்போது, அந்தப் பத்தி அவளுக்கும் தேவைப்படும். அக்காட்சிகளை மூன்று முறையாவது கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கணவன் மனைவி விளிப்பு: எங்களுக்குள் நடந்த வாதம்

செக் குடும்பத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் 'தி' என்றே அழைப்பார்கள். தமிழில் அப்படியே 'நீ' என்று இருபுறமும் போடலாமா? நம் பாட்டி தலைமுறையில் கணவர் 'நீ' என்பார், மனைவி 'நீங்கள்' என்பார், அல்லது 'என்னங்க' என்பார். முன்னோட்டத்துக்கு வந்திருந்த மூத்தவர்கள் சிலர், மாரியே கணவனை 'நீ' என்பது காதுக்கு உறுத்துகிறது என்றார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்று தலைமுறையாக வாழும் யாழ்ப்பாண வம்சாவளிப் பெரியவர் ஒருவர் 'நீர்' என்று எழுதச் சொன்னார். மலாயா ரயில்வேயில் வேலைக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் குடியேறிய வட்டாரம் அது. அவர்கள் வீடுகளில் 'நீர்' இன்னும் மரியாதையும் அன்பும் கலந்த சொல்லாகவே புழங்குகிறது. அவருடைய யோசனை அழகானது, ஒரு வாரம் அதை மனத்தில் வைத்திருந்தேன். ஆனால் தோட்டப்புற வழிவந்த பெரும்பாலான பார்வையாளர்களின் காதில் 'நீர்' என்பது திருச்சபை ஜெபமாகவோ பழைய மேடை நாடகமாகவோ ஒலித்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

இறுதியில் இருபுறமும் 'நீ' என்றே வைத்தேன். மாரியேயை 'நீங்கள்' என்று பேச வைத்தால் வீட்டிலும் இடைவெளி, மதுக்கூடத்திலும் இடைவெளி என்றாகிவிடும். கிறிஸ்தியானின் 'நீங்கள்' எவ்வளவு பெரிய மயக்கு என்பது, வீட்டில் ஒலிக்கும் அந்தச் சாதாரண 'நீ'யோடு மோதும்போதுதான் தெரியும். உறுத்துகிறது என்ற அதே மூத்தவர்கள் கால் மணி நேரத்தில் பழகிவிட்டார்கள்.

எழுத்துத் தமிழையும் பேச்சுத் தமிழையும் பங்கிடுங்கள்

ஆங்கிலத்தில் செய்ய முடியாத இன்னொன்று நம்மால் முடியும். நம்மிடம் இரண்டு தமிழ் இருக்கிறது. ஓபரெட்டா என்னும் இலகுவான இசைநாடக மேடையில் தேறிய ஓல்ட்ரிக் நோவி, கிறிஸ்தியானாகப் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் மெருகேற்றி உச்சரிக்கிறார். வீட்டில் அவரே ஒடுங்கிய, கூச்சமுள்ள மனிதர். ஆகவே கிறிஸ்தியானுக்கு "அனுமதிப்பீர்களா?" என்று முழு எழுத்துத் தமிழும், அலோய்ஸுக்கு "வரேன், கொஞ்சம் இரு" என்று வீட்டுத் தமிழும் கொடுத்தேன். உடை மாறுவதற்கு முன்பே மொழி மாறிவிடுவதால், கண்ணால் கண்டுபிடிக்காதவரும் காதால் கண்டுபிடிப்பார். வேடம் கலையத் தொடங்கும் காட்சிகளில் இரண்டையும் கலக்கலாம், ஆனால் அளவோடு. ஒரு வரியில் ஒரு சொல் போதும். கனவானின் தமிழ் அரச சபைத் தமிழாகிவிடக் கூடாது என்பதிலும் கவனம் வேண்டும். 'தேவி', 'நங்கையே' போன்றவை வந்தால் அரங்கம் சிரித்துவிடும். அக்காலச் செக் மொழியில் சீமாட்டிகளை விளிக்கும் பணிவுச் சொற்களுக்கு நான் 'மேடம்' என்றே எழுதினேன். பரிசாரகர் பேசும்போது 'ஐயா' வைத்தேன். 'சார்' என்பது நம் உணவகங்களின் வழக்குதான், எனினும் 1939-க்கு 'ஐயா'வே பொருந்தியது.

பெயர்களும் பாலும்

செக் மொழியில் பெண்ணின் குடும்பப் பெயர் வழக்கமாக 'ஓவா' என்று முடியும். நோவாக்கின் மனைவி நோவாகோவா. இதை அறியாதவர் இருவரையும் தொடர்பற்றவர்களாக எண்ணக்கூடும். அடையாள அட்டையில் தந்தை பெயரைச் சுமந்து திரியும் நமக்கு இதை விளக்குவது எளிது, ஆனால் சப்டைட்டிலுக்குள் விளக்கம் எழுத இடமில்லை. படத்துக்கு முன் ஒரு நிமிடம் பேசிவிடுங்கள். நோவாக் என்பது செக் நாட்டில் மிக மிகச் சாதாரணமான குடும்பப் பெயர் என்பதையும் சொல்லிவிட்டால், அந்த மனிதர் ஏன் 'கிறிஸ்தியான்' ஆகத் துடிக்கிறார் என்பது பாதி புரிந்துவிடும்.

விளிக்கும்போது பெயரின் ஈறு மாறும். ஸுஸானாவை அழைக்கையில் 'ஸுஸானோ' என்றும், கிறிஸ்தியானை அழைக்கையில் 'கிறிஸ்தியானெ' என்றும் கேட்கும். நமக்கு இது நம் வீட்டுச் சங்கதிதான். கண்ணன் 'கண்ணா' ஆவதுபோல, அவர்களுக்கும் விளி வேற்றுமை உண்டு. எழுத்தில் எப்போதும் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பால் குறித்து எச்சரிக்கை தேவை. செக் மொழியில் இறந்தகால வினை பேசுபவரின் பாலையே காட்டிவிடும். 'பில் ஸெம்' என்றால் சொல்பவர் ஆண், 'பிலா ஸெம்' என்றால் பெண். தமிழில் 'இருந்தேன்' எவருக்கும் பொது. படர்க்கையிலோ நமக்கு ஒரு கொடை இருக்கிறது. 'ஒருவர் வந்திருந்தார்' என்று எழுதினால் வந்தவர் ஆணா பெண்ணா என்பது மறைந்துகொள்ளும். ஆள்மாறாட்டக் கதையில் இந்த 'ஆர்' விகுதி பெரும் துணை. ஆனால் மூலத்தில் கேட்பவருக்குப் பால் தெரிந்துவிட்ட இடத்தில் நாம் மறைத்தால், அவர் முகம் ஏன் மாறுகிறது என்று பார்வையாளருக்குப் புரியாது. அங்கே 'ஒரு பெண் வந்திருந்தாள்' என்று திறந்துவிடத்தான் வேண்டும்.

காது கேளாதோருக்காகப் பேசுபவரின் பெயரை அடைப்புக்குறியில் போடுவோர், அந்த நேரத்தில் பார்வையாளருக்குத் தெரிந்த பெயரை மட்டும் போடுங்கள். மதுக்கூடக் காட்சியில் 'அலோய்ஸ்' என்று போட்டால் படத்தின் ரகசியத்தை நாமே உடைத்துவிடுகிறோம்.

நேரமும் நீளமும்

சப்டைட்டில் கோப்பைச் சாதாரண எஸ்ஆர்டி (.srt) வடிவில் வைத்துக்கொள்ளலாம். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். சப்டைட்டில் எடிட், ஏஜிசப் இரண்டும் இலவச மென்பொருள்கள், இரண்டிலும் வேலை நடக்கும். ஒரு வரி திரையில் ஏழு நொடிக்கு மேல் நிற்கக் கூடாது, இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது என்பவை பொதுவான நெறிகள். எழுத்து எண்ணிக்கையில் மட்டும் மென்பொருளை அப்படியே நம்பாதீர்கள். 'கொ' நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறிகள். ஆகவே தமிழ் வரி உண்மையில் இருப்பதைவிட நீளமானதாகக் கணக்கில் காட்டும்.

வரியைச் சுருக்க எளிய வழி எழுவாயை விடுவதுதான். 'நீங்கள் போகிறீர்களா' என்பதில் 'நீங்கள்' தேவையே இல்லை. 'ஈர்கள்' அதைச் சுமக்கிறது. செக் மொழியும் இப்படித்தான் எழுவாயை விட்டுவிட்டு விகுதியாலேயே பேசும் என்பதால், இங்கே சுருக்கமே மூலத்துக்கு நெருக்கமாகிறது.

விடைபெறும் அந்த வாசகத்தை ஒரே சப்டைட்டிலாகப் போடாதீர்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால், நடிகர் 'ஒச்சி' என்று முடிப்பதற்கு முன்பே பார்வையாளர் 'விடைபெறுகிறேன்' என்பதைப் படித்துவிடுவார். "கண்களை மூடிக்கொள்ளுங்கள்" என்று முதல் வரி வரட்டும். அது மறையட்டும். அவர் 'ஒத்ஹாஸீம்' என்னும்போது "விடைபெறுகிறேன்" தனியாக வரட்டும். அரை நொடி வித்தியாசம்தான். இரண்டாம் திரையிடலில் அந்த இடத்தில் அரங்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

உங்களிடம் உள்ள எஸ்ஆர்டி கோப்பு போகப்போக விலகிச் சென்றால், பெரும்பாலும் காரணம் பிரேம் வேகம். நொடிக்கு 24 பிரேம் என்று எடுத்த படத்தை 25 பிரேமில் ஓட்டிய டிவிடிக்கு எழுதியதாக இருக்கலாம். அப்போது ஒரு மணி நேரத்தில் 2 நிமிடம் 24 நொடி பிசகும். வரிகளை ஒவ்வொன்றாக நகர்த்தாமல், மென்பொருளில் பிரேம் வேகத்தை மாற்றினால் முழுக் கோப்பும் ஒரே அடியில் சரியாகும்.

பாட்டு வரும் இடத்தில் சாய்ந்த எழுத்தைப் பயன்படுத்தாதீர்கள். தமிழ் எழுத்துகள் சாய்ந்தால் சுழிகள் ஒன்றோடொன்று மோதிப் படிக்க முடியாமல் போகும். இசைக்குறி ஒன்றை முன்னும் பின்னும் போட்டால் போதும்.

மண்டபத்தில்

திரையிடலுக்கு முந்தைய நாளே அங்குள்ள கணினியில் கோப்பை ஓட்டிப் பாருங்கள். சில கருவிகள் தமிழைக் கோக்கத் தெரியாமல், 'கெ' என்பதில் கொம்பைக் 'க'வுக்குப் பின்னால் தள்ளிவிடும். அப்படிக் கண்டால் வரிகளைப் படத்திலேயே பதித்துக் கொண்டு செல்வதுதான் பாதுகாப்பு. கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு காட்சியை முழுவதும் படித்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் மேசை விரிப்பு, சட்டை முன்பக்கம் போன்ற வெண்மையான இடங்களில் வெள்ளை எழுத்து மறையும். ஆகவே எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டாயம்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலையும் எதிர்பாருங்கள். தேசியப் பள்ளியில் படித்த நம் இளையர் பலர் தமிழைச் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் படிக்கத் தடுமாறுவார்கள். எங்கள் முன்னோட்டத்துக்கு வந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி பத்தாவது நிமிடத்தில் தாயின் தோளில் சாய்ந்து, "என்னம்மா சொல்றாரு?" என்று கேட்கத் தொடங்கினாள். அவளுக்காக மலாயில் இரண்டாவது வரிசை ஒன்றைத் தயாரித்தோம். அதிலும் அதே குறிப்பேடுதான் கைகொடுத்தது. 'வி' வரும் இடங்களில் 'துவான்', 'புவான்', 'சிக்' என்று விளிப்பைக் கொண்டே மரியாதையைக் காட்டி, 'தி' வரும் இடங்களில் 'அவாக்' என்று எழுதினோம். திரையின் அடியில் தமிழ், மேல் விளிம்பில் மலாய் என்று பிரித்து வைத்தால் கண் அலையாது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடியில் அடுக்கினால் நான்கு வரியாகி, நடிகர்களின் முகவாயை மறைத்துவிடும்.